ஒன்பது அட்டைகள்

கோச்சடை, மதுரை
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுபலட்சுமிக்கு,

உன் அம்மா அன்னக்கொடி சொல்லச் சொல்ல, உன் தங்கை கயல் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் அந்த அருணாச்சலத்து மலையில் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்கு ஒரு வாய் சாப்பிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் இங்கே உலை வைக்கிறேன். இந்த முறை எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பதறாதே. ஐப்பசி மழையில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்கள். வலி இல்லை, அரிப்புத்தான். உங்கப்பாதான் காலையில் கஞ்சி வைக்கிறார், சட்னி அரைக்கிறார், உப்புத்தான் ஒரு நாள் இருக்கிறது ஒரு நாள் இல்லை. போன மாதக் காற்றில் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் இரண்டு வரிசை அகத்தி சாய்ந்து கொடியெல்லாம் தரையில் கிடந்தது, ஆள் கிடைக்காமல் அவரே ஒற்றை ஆளாக நிமிர்த்திக் கட்டினார். உன் மாமா மகன் சிவக்குமாருக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்தது. பெண் உசிலம்பட்டிப் பக்கம், நல்ல பிள்ளை, நன்றாகச் சிரிக்கிறாள். நாங்களும் போயிருந்தோம். மாமா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அத்தை மட்டும் கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து, "சுபா நல்லாருக்காளா, மெலிஞ்சுட்டாளா?" என்று கேட்டாள். அவனுக்கும் உனக்கும் பரிசம் போடுவதற்கு முதல் நாள் நீ ரயிலேறிப் போனதில் வந்த மனத்தாங்கல் அந்தப் பந்தியோடு முடிந்தது என்று வைத்துக்கொள், இனி அதை நினைத்துக் கூசாதே. தலைக்கு எண்ணெய் வை. குரங்கையும் குருவியையும் எண்ணுகிற வேலை என்றாலும் ஈரத் துணியோடு நிற்காதே. பொங்கலுக்கு வரட்டுமா, டிக்கெட் எடுக்க வேண்டும், கார்த்திகைக்குள் சொல்லுங்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கயலுக்குத்தான் தெரியும். வா என்று எழுத வாய் துடிக்கிறது. நீ வந்து வாசலில் நிற்க, உங்கப்பா எழுந்து உள்ளே போய்விட்டால் அதை உன்னாலும் தாங்க முடியாது, என்னாலும் தாங்க முடியாது. இரண்டு வருஷமாக உன் பெயரை இந்த வீட்டில் அவர் சொல்லவில்லை. அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நானும் நாளைத் தள்ளிக்கொண்டே வருகிறேன்.

அக்கா, இதுவரை அம்மா சொன்னது. சாயங்காலம் நான் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சொன்னாள், மனதில் வைத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன். அம்மா தூங்கப் போய்விட்டாள், இனிமேல் எழுதுவது நான். சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார், ஆனால் ஒவ்வொரு தடவை அவர் இருமும்போதும் நோட்டை மூடி மேலே வேதியியல் புத்தகத்தை வைக்கிறேன். அம்மா எழுதும்போது எனக்கு இவ்வளவு பயம் இல்லை. இப்போது என் கையெழுத்து இருக்கிறது, மாட்டினால் நான்தான் மாட்டுவேன். போனில் பேசலாம் என்றால் அம்மாவின் போனைத் தினமும் ராத்திரி வாங்கி யார் யார் கூப்பிட்டார்கள் என்று அவர் தள்ளித் தள்ளிப் பார்ப்பது உனக்கே தெரியும். உன் கடிதங்கள் இன்னமும் என் தோழி சுஷ்மா வீட்டு முகவரிக்குத்தான் வருகின்றன, அவள் உயிரியல் நோட்டுக்குள் வைத்துக் கொடுப்பாள், அம்மா படித்துவிட்டு இந்த டிரம்முக்கு அடியில் செருகி வைப்பாள். சரி, நான் பயந்துகொண்டே எழுதுவது வேறு ஒரு காரணத்துக்காக. நேற்று ஒரு விஷயம் நடந்தது. அதை அம்மாவிடம் கூட முழுதாகச் சொல்லவில்லை.

நேற்று எங்கள் பள்ளிக்கூடப் பசுமைப் படையில் இருந்து மேகமலைக்குக் கூட்டிப் போனார்கள். மலை ஏறி நடந்து மிருகங்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புவது. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டபோது அப்பா அதை இரண்டு தடவை படித்தார். மலை, காடு, மிருகம் என்று படித்தால் வீட்டில் யாருக்கு யார் ஞாபகம் வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போடமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சாவித்ரி டீச்சரிடம், "பொம்பளப் பிள்ளைகளா மலைக்குக் கூட்டிட்டுப் போறீங்க, தொணைக்கு ஒரு ஆம்பள வேணாமா டீச்சர்? நானும் வாரேன்" என்றார். டீச்சர் பாவம், "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது. நீ போன வழியில் நானும் போய்விடக் கூடாது என்று காவலுக்கு வருகிறார் என்று நினைத்தேன். விடியற்காலை நான்கு மணிக்குக் காளவாசலில் வேன் நின்றது. எல்லாரும் ஷூ, தொப்பி, முதுகுப் பை. அப்பா வெள்ளை வேட்டி, ரப்பர் செருப்பு, தலையில் துண்டு, கையில் புளிச்சோறு வைத்த தூக்குவாளி. கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். அப்பா இடுப்புப் பையில் இருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளிக் கொடுத்து, "இந்தா தாயி, மெள்ளக் கடி, நிக்கும்" என்று ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வனத்துறைச் சாவடியில் எங்களோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் வனக்காவலர் சின்னச்சாமி. இன்னொருவர் மைத்ரேயி அக்கா, சிங்கவால் குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், நம் மதுரைதான். உன் வயது இருக்கும். காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டு, கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, அவர் திரும்பியபோது ஒரு நொடி நீதான் என்று நினைத்துவிட்டேன், நீ நிற்கிற மாதிரியே ஒரு காலைச் சாய்த்து நின்றார். அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து செருப்பைக் கழற்றினார். பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு மரத்தடியில் ஜோடியாக ஓரமாக வைத்தார், கொடிக்கால் வரப்பில் வைப்பாரே, அதே மாதிரி. டீச்சர், "அண்ணே, செருப்பு போட்டுக்கங்க, உள்ளே அட்டை இருக்குமாம்" என்றார். "வெத்தலைக்குள்ளயே செருப்போட போக மாட்டோம் டீச்சர். இது அம்புட்டுப் பெரிய மலை" என்றார் அப்பா. சின்னச்சாமி சிரித்துக்கொண்டே, "நல்லதுண்ணே, அட்டைக உங்க கால்ல விழுந்து கும்பிடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சுஷ்மா என் காதில், "உங்கப்பா நேர்த்திக்கடனுக்கு வந்திருக்காராடி?" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

உள்ளே போனதும் வெயிலே இல்லை. மரங்கள் மேலே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, இலையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, மழையில்லாமலே. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் நடந்தும் தூரத்துப் புல்வெளியில் காட்டுமாடு நான்கு நின்றதைத் தவிர எதுவும் தெரியவில்லை. மைத்ரேயி அக்கா நாலா பக்கமும் பைனாகுலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்றைக்குக் கூட்டம் அந்தப் பக்கச் சரிவில் இருக்கும் போல என்றார். அப்போது பின்னால் வந்த அப்பா நின்று, "காத்து இங்கிட்டு அடிக்குது, அந்தக் கிளை எதுக்கு அங்கிட்டு ஆடுது?" என்று மெதுவாகக் கேட்டார். கொடிக்காலில் பாம்பு, எலி, ஆள், எது நுழைந்தாலும் இலை ஆடுவதை வைத்தே சொல்லிவிடுவாரே, அந்தக் கண். மைத்ரேயி அக்கா அங்கே பார்த்தார். பிறகு எல்லாரையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். கருப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, ஒன்று, மூன்று, ஏழு, எண்ணிக்கொண்டிருக்கும்போதே கிளை கிளையாக வந்துகொண்டே இருந்தன. மொத்தம் பதினான்கு. பலாக் கொட்டையைக் கடித்துத் துப்பும் சத்தம் கேட்டது. "சார், நீங்க எங்க வேலைக்கே வந்துருங்க" என்று மைத்ரேயி அக்கா பைனாகுலரைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். அப்பா அதைக் கண்ணில் வைத்தவர் எடுக்கவே இல்லை. பின்னால் பத்துப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் போய், "அப்பா, குடுங்க" என்று முழங்கையைத் தொட்டபோதுதான் தந்தார். ஒரு தாய்க் குரங்கின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்பன்காரன் எங்க?" என்று கேட்டார். கூட்டத்துக்கு ஒரு பெரிய ஆண்தான் காவல், ஆண் குட்டிகள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விடும், பெண் குட்டிகள் பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும் என்று மைத்ரேயி அக்கா விளக்கினார். "ஆக, பொட்டப்பிள்ள வீட்டை விட்டுப் போகாது" என்றார் அப்பா. "குரங்குலதான் சார் அப்படி" என்றார் அவர். சுஷ்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். கோபம் வரவில்லை. "சரித்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்கப்புறம் ஓடைப் பக்கம் போனோம், அங்கேதான் அட்டைகள். ஷூவுக்குள்ளேயே புகுந்துவிட்டன. ஒரு பெண் கத்த ஆரம்பித்ததும் எல்லாரும் கத்தினார்கள், குரங்கு மட்டுமா, மலையில் இருந்த எல்லாமே ஓடியிருக்கும். அப்பா இடுப்பில் இருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தார். விரல் நுனியில் துளி எடுத்து அட்டையின் மேல் தொட்டு வைத்தார், சுருண்டு விழுந்தது. பிறகு வரிசையில் உட்கார வைத்து ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். "ஆடாதம்மா, தோல்ல பட்டா வேகும், அட்டை மேல மட்டும்" என்று சொல்லிக்கொண்டே. பெண்கள் அவருக்கு அட்டை டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் முடிந்த பிறகுதான் அவர் தன் காலைப் பார்த்தார். அப்பாவின் காலில் மட்டும் ஏழு அட்டைகள், வேட்டியின் கரையெல்லாம் ரத்தம். நான் டப்பியை வாங்கி நானே ஒவ்வொன்றாக வைத்தேன். இரண்டு வருஷத்தில் அப்பாவை நான் தொட்டது நேற்றுத்தான் அக்கா. பாதம் கல் மாதிரி இருந்தது.

மத்தியானம் ஒரு பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேகம் விலகினால் கீழே சமவெளி முழுக்கத் தெரிகிறது, வயல், தென்னை, எங்கோ தண்ணீர் மின்னுகிறது. அப்பா நின்று கையை நெற்றியில் வைத்துக் கிழக்கே பார்த்தார், சோழவந்தான் தெரிகிறதா என்று தேடியிருப்பார், அவ்வளவு தூரம் எங்கே தெரியப்போகிறது. நீயும் உன் மலையில் சாப்பாட்டு நேரத்தில் இப்படித்தான் நின்று நம் பக்கம் எது என்று தேடுவாயா என்று நினைத்தேன். அப்பா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் மைத்ரேயி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் இலையில் புளிச்சோறு வைத்தார். நான் பின்னால் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் நின்றேன். ராத்திரி எங்கன தங்குவீங்க என்று கேட்டார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், தனியாகக் காட்டுக்குள் போகச் சொல்வார்களா, உங்கப்பா எப்படி விட்டார் என்று வரிசையாகக் கேட்டார். "முதல்ல விடல சார். ஒரு வருஷம் பேசல. அப்புறம் போன் பண்ணி, டார்ச் லைட்டுக்கு பேட்டரி இருக்கான்னு கேட்டார். அம்புட்டுத்தான், அன்னைலருந்து பேசுறார்" என்றார் அவர். அப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "இந்த அருணாச்சலம் பக்கத்து மலையிலயும் அட்டை இப்படி உண்டா?" என்று கேட்டார். எனக்குக் கையில் இருந்த பாட்டில் நழுவியது. மைத்ரேயி அக்கா சாதாரணமாக, "அங்கதான் சார் ஜாஸ்தி, மழைக்காலத்துல சட்டைக்குள்ளயே வரும். அங்க உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா?" என்றார். அப்பா எழுந்து கையை உதறிவிட்டு, "தெரிஞ்ச பிள்ள ஒன்னு" என்றார்.

அக்கா, நீ அருணாச்சலத்தில் இருப்பது அம்மாவுக்கும் எனக்கும் சுஷ்மாவுக்கும்தான் தெரியும். நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஒரே நாளில் இருபத்தேழு அட்டை கடித்தது என்று நீ எழுதிய கடிதம் இந்த டிரம்முக்கு அடியில்தான் இருக்கிறது. அவர் எடுத்துப் படித்திருக்கிறார், படித்துவிட்டு மடிப்பு மாறாமல் திரும்ப வைத்திருக்கிறார். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. வேனில் வரும்போது முழுவதும் அவர் என்னைக் கேட்பார், திட்டுவார் என்று காத்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. தெரிஞ்ச பிள்ள என்று சொன்னதை அம்மாவிடம் சொன்னால் அழுவாள், அதனால் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லலாமா என்றும் தெரியவில்லை. உன்னை மகள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் யாரும் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. பொங்கலுக்கு வா என்றும் என்னால் எழுத முடியவில்லை, வராதே என்றும் முடியவில்லை. நீ போன பிறகு உன் கட்டிலில்தான் நான் படுக்கிறேன், சுவர்ப் பக்கம் உனக்கு இடம் விட்டுப் படுத்தே பழகிவிட்டது. இருமல் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

செவ்வாய்க்கிழமை. அக்கா, இதைப் பகலிலேயே எழுதுகிறேன், அம்மா பக்கத்தில் இருக்கிறாள். ஞாயிறு ராத்திரி எழுதியதை நோட்டோடு புத்தகப் பையில் வைத்திருந்தேன். இன்று காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பப் பையைத் திறந்தால் நோட்டுக்கு மேலே ஒரு சுண்ணாம்பு டப்பி. புதிது. மூடி திறந்துகொள்ளாமல் வாழைநாரால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டியிருந்தது, வெற்றிலைக் கட்டுக்கு அப்பா போடுகிற முடிச்சு. நோட்டைத் திறந்து பார்த்தேன். மேலே அட்டை பற்றி எழுதிய இடத்தைத் திருப்பிப் பார். "ஏழு" என்று நான் எழுதியதைப் பென்சிலால் அடித்துவிட்டு மேலே "ஒன்பது" என்று எழுதியிருக்கிறது. அது என் எழுத்து இல்லை, அப்பாவின் எழுத்து. இவ்வளவு பக்கம் படித்தும் வேறு எந்த இடத்திலும் ஒரு கோடு கூட அவர் போடவில்லை. தெரிஞ்ச பிள்ள என்று எழுதியிருந்த இடத்திலும் போடவில்லை. நான் பள்ளிக்கூடம் போகாமல் டப்பியையும் நோட்டையும் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா எல்லாவற்றையும் படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை, மாவுக்கட்டுக் கையில் டப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள், விடிகாலையில் கொடிக்காலுக்குக் கிளம்பும்போது உங்கப்பா வண்டியை உதைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "சுண்ணாம்பு பொங்கல் வரைக்குந்தான் தாங்கும், பெறகு காஞ்சுரும். வேணும்னா வந்து வாங்கிக்கிறச் சொல்லு" என்றார், எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை, யாரோ கடைக்காரரைச் சொல்கிறார் என்று நினைத்தேன் என்று. அப்பா படித்த தாளையே டப்பியோடு பார்சலில் அனுப்புகிறேன், மாற்றி எழுதவில்லை. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இனி அம்மா சொல்வது. மகளே, டிக்கெட்டை இன்றைக்கே எடு. ராத்திரி ரயிலில் கீழ்ப் படுக்கை கேள். அதுவரைக்கும் டப்பியை ஈரம் காயாமல் மூடி வை, தோலில் படாமல் அட்டை மேல் மட்டும் தொட்டு வை, அப்படித்தான் உங்கப்பா சொல்கிறாராம். எந்த மலையில் இருந்தாலும் நம் குலசாமி உன் காலடியிலேயே நிற்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு. மறக்காமல் ஒன்று, இனிமேல் பதிலை சுஷ்மா வீட்டுக்குப் போடாதே. பார்சலின் மேல் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை எழுத என்று கயல் கேட்டாள். டப்பியைக் கட்டினவர் பெயரை எழுது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா நல்லகாமன், அம்மா அன்னக்கொடி
(எழுதியது கயல், ஒரு வார்த்தை மட்டும் அப்பா)